கோட்டில் பட்டாலும் உள்ளேதான்: பிள்ளைகளுக்கு டென்னிஸ் பழக்குகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் டென்னிஸ் பந்தைத் தொடாத பிள்ளை கிடையாது. டென்னிஸ் ஆடின பிள்ளைதான் கிடையாது. காலடிப்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் அந்தப் பந்து பறக்கும். அடிப்பது கிரிக்கெட் மட்டை. நான் வட சென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். சாயங்காலங்களில் அதே மைதானத்தில் கயிறு கட்டி டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். “இது பணக்காரங்க ஆட்டமாச்சே மிஸ், நம்ம பிள்ளைக்கு எதுக்கு?” என்று கேட்காத பெற்றோர் குறைவு.

நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். மற்ற ஆட்டங்களில் முடிவெடுக்க யாராவது இருப்பார்கள்: கேப்டன், அம்பயர், கூட ஆடுகிற பத்துப் பேர். சிறுவர் டென்னிஸில் பெரும்பாலும் அம்பயரே கிடையாது. ஸ்கோரைச் சொல்வது பிள்ளை. பந்து உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்வது பிள்ளை, அதுவும் தனக்கே எதிராக. அடுத்த பந்தை எங்கே போடுவது என்பதும் அதன் பாடு. பத்து வயதில் இவ்வளவு பொறுப்பை வேறு எங்கே கொடுக்கிறோம்? வீட்டில் பால் வாங்கப் போனால்கூட பின்னாலேயே ஒரு ஆளை அனுப்புகிறோம்.

ஆனால் ராக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டால் தன்னம்பிக்கை தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஃபோர்ஹேண்டைச் சொல்லிக்கொடுப்பது போல இதையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பல இடங்களில் அடியை மாதக்கணக்கில் பழக்குவார்கள், மற்றதை விதியிடம் விட்டுவிடுவார்கள். அந்த மற்றதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பந்து, ராக்கெட், கயிறு

முதலில் சாமான். இதில் தப்பினால் மேலே பேசுவதெல்லாம் வீண். பெரியவர்கள் ஆடுகிற மஞ்சள் பந்து சிமெண்டில் குத்தினால் ஏழு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலே எழும்பும். எக்கி எக்கி அடித்து, நாலு பந்து தவறியதும் “எனக்கு வராது மிஸ்” என்று உட்கார்ந்துவிடும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007-இல் சிறுவர்களுக்கான மெதுவான பந்துகளைப் பரப்பத் தொடங்கியது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தே கூடாது என்று விதியாகவே வைத்துவிட்டது. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவானது, ஐந்து முதல் எட்டு வயது வரைக்கும் அதுதான். அப்புறம் ஆரஞ்சு, 50 சதவீதம். கடைசியில் பச்சை, 25 சதவீதம். கிடைக்காவிட்டால், கிளப்புகளில் கழித்துப்போடும் காற்றுப்போன பழைய பந்துகளைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பந்தைவிடத் தாழ்வாக எழும்பும், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆகும்.

ஸ்கூல் யூனிஃபார்மை இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துப் பெரிதாக எடுக்கிற மாதிரி ராக்கெட் எடுக்காதீர்கள். பெரியவர்களுக்கானது 27 அங்குலம். ஏழெட்டு வயதுக்கு 23, ஒன்பது பத்துக்கு 25 போதும். பிள்ளையை நேராக நிற்கவைத்து, ராக்கெட் பிடித்த கையைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். ராக்கெட்டின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சரியான அளவு. பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

முழு கோர்ட் 78 அடி நீளம், ஒற்றையர் ஆட்டத்துக்கு 27 அடி அகலம். சின்னப் பிள்ளைக்கு அது மைதானமில்லை, கடற்கரை. 36 அடிக்கு 18 அடி இடம் போதும். இரண்டு பெஞ்சுக்கு நடுவே 80 சென்டிமீட்டர் உயரத்தில் கயிறு கட்டி, அதில் பழைய துப்பட்டாக்களைத் தொங்கவிடுங்கள். பந்து மேலே போனதா கீழே போனதா என்ற சண்டை மிச்சம். கோடுகளை நான் கோலமாவில் போடச் சொல்கிறேன், போடுவது பிள்ளைகள். பந்து கோட்டில் பட்டால் மாவு புகைமாதிரி எழும்பும். இது எவ்வளவு உபயோகம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இன்னொன்று, பக்கம் மாறுவது. சில பாயிண்டுகள் சேர்ந்தது ஒரு கேம், சில கேம்கள் சேர்ந்தது ஒரு செட். முதல் கேம், மூன்றாவது, ஐந்தாவது என்று ஒற்றைப்படை கேம் முடிந்ததும் இருவரும் இடம் மாற வேண்டும். எங்கள் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. கிழக்கே கடல், சாயங்காலம் காற்று அங்கிருந்து வரும். மேற்கே பார்த்து நிற்பவர் கண்ணில் வெயில் குத்தும். கஷ்டமான பக்கம் இரண்டு பேருக்கும் வரும் என்று பிள்ளைகள் அன்றைக்கே புரிந்துகொள்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஜெயிப்பதே கிடையாது

தொடக்கத்தில் நான் பாயிண்ட் வைப்பதில்லை. கையால் போட்டுப் பிடிப்பார்கள், பிறகு ராக்கெட்டால் தட்டிப் போடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பந்தை எத்தனை தடவை கயிற்றைத் தாண்ட வைக்கிறார்கள் என்று சத்தமாக எண்ண வேண்டும். பத்து வந்தால் இரண்டு பேருக்கும் வெற்றி. எதிரே நிற்பவன் எடுக்கிற மாதிரி அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அப்புறம் எடுக்க முடியாத மாதிரியும் அடிக்க வரும். நன்றாக அடிக்கிற பிள்ளையைத் தடுமாறுகிற பிள்ளையோடு ஜோடி சேருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கோபம் வரும். வரட்டும்.

வாய் திறக்க வைப்பது

சர்வீஸ் போடுகிறவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், தன்னுடையதை முதலில். “ஃபிஃப்டீன்–தேர்ட்டி.” டென்னிஸில் முதல் பாயிண்ட் பதினைந்து, இரண்டாவது முப்பது, மூன்றாவது நாற்பது. விதியில் இருப்பதுதான். ஆனால் பயிற்சியில் இதைக் கறாராகப் பிடிக்கிறவர்கள் குறைவு. பிடித்துப் பாருங்கள். (பூஜ்யத்துக்கு “லவ்” என்று சொல்ல வேண்டி வரும்போது ஒரு வாரம் சிரிப்பாகச் சிரிப்பார்கள். விட்டுவிடுங்கள், அடங்கிவிடும்.)

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. வகுப்பில் வருகைப் பதிவுக்கு “உள்ளேன்” என்பதையே பெஞ்சுக்குச் சொல்லும். கோர்ட்டில் அவள் ஸ்கோர் சொன்னால் பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்காது, கடல் காற்று வேறு வாரிக்கொண்டு போய்விடும். “சத்தமா சொல்லு” என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை அப்படி ஆகியிருந்தது. எதிரே நிற்பவளிடம் ஒரே ஒரு விதி சொன்னேன்: காதில் விழுந்தால் கையைத் தூக்கு, விழாவிட்டால் பந்தை எடுக்காதே. அவ்வளவுதான். அவள் சர்வீஸ் போடுவாள், எதிரே இருப்பவள் சிலை மாதிரி நிற்பாள், பந்து தாண்டிப் போய் வேலியில் முட்டும். போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். பந்து பொறுக்கி அலுத்துப்போய்த்தான் குரல் வந்தது. முதலில் எரிச்சல் குரல், பிறகு சாதாரணக் குரல். இப்போது ஷேர் ஆட்டோவில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குகிறாளாம். அவள் அம்மா அதைப் புகாராகத்தான் சொன்னார்.

ஸ்கோரில் தகராறு வந்தால்? “தேர்ட்டி ஆல்” (இருவருக்கும் முப்பது), “இல்ல, நாப்பது” என்று நிற்பார்கள், உங்களைப் பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள், உங்களுக்குத் தெரிந்திருந்தாலும். வழிமுறையைச் சொல்லுங்கள்: முதல் பாயிண்டிலிருந்து ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பேசுங்கள். இருவரும் ஒத்துக்கொள்கிற பாயிண்டெல்லாம் நிற்கும். ஒத்துப்போகாததை மட்டும் திரும்ப ஆட வேண்டும். அம்பயர் இல்லாத ஆட்டத்துக்கு உலகம் முழுக்க இதுதான் முறை. இரண்டு பிள்ளைகள் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, “நீ ஃபர்ஸ்ட் நெட்ல அடிச்ச, அப்புறம் நான் வெளிய அடிச்சேன்” என்று விரல் விட்டு எண்ணுவதைக் கேட்க நன்றாக இருக்கும். பெரியவர்களின் பாகப்பிரிவினையில் இந்த நிதானம் கிடையாது.

போங்கும் அதன் எதிர்ப்பக்கமும்

தெருக் கிரிக்கெட்டில் மட்டை யாருடையதோ அவன்தான் அம்பயர். போங்கு அடிப்பது அந்த ஆட்டத்தில் ஒரு திறமை. அதில் வளர்ந்த பிள்ளையிடம், “உன் பக்கம் விழுகிற பந்துக்கு நீதான் தீர்ப்பு” என்று சொன்னால் கண் பளபளக்கும். அதனால் விதிகளை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோட்டில் மயிரிழை பட்டாலும் உள்ளேதான். சரியாகப் பார்க்கவில்லை என்றால் எதிராளிக்குச் சாதகம். வேடிக்கை பார்ப்பவர்களைக் கேட்கக் கூடாது. சொல்வதை உடனே, சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு “அவுட்” என்றால் செல்லாது. “அவுட்” என்று சொன்ன பிறகு தப்பு என்று உறைத்தால், முதல் தடவைக்குப் பொதுவாகப் பாயிண்டைத் திரும்ப ஆடலாம். அதே ஆட்டத்தில் மறுபடி செய்தால் பாயிண்ட் எதிராளிக்கு. திருத்திக்கொள்ள விதியே ஒரு வாசல் வைத்திருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஒரு பையன், கை நல்ல கை. கடைசிப் பாயிண்டில் பந்து கோட்டில் விழுந்து கோலமாவு குப்பென்று எழுந்தது. “அவுட்” என்றான். எதிரே நின்றவன் மாவையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: தனக்கு நிச்சயமில்லாமல் சொன்ன ஒரு தீர்ப்பு எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், தண்டனை கிடையாது. அவன் அன்றைக்கு வேறு எதையோ சொல்லிச் சமாளித்தான். விட்டுவிட்டேன். அவன் ஷூ முன்பக்கம் முழுக்க வெள்ளை மாவு, அதை அவனே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு நாள் “குட், குட்!”, அதாவது உள்ளேதான், என்று கத்தியபடி பந்தை விட்டுக்கொடுத்தான். அது ஒரு சாண் வெளியே விழுந்திருந்தது.

சிரிப்பு வந்தாலும் அதுவும் சரிசெய்ய வேண்டியதுதான். பயந்த பிள்ளைகள் போங்கு அடிப்பதில்லை. எல்லாப் பந்தையும் உள்ளே என்று சொல்லி ஆட்டத்தையே தாரைவார்த்துவிடுவார்கள். பெரிய பையன் முறைத்தால் போதும், வெளியே போன பந்து உள்ளே வந்துவிடும். இவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறேன். வேண்டுமென்றே வெளியே அடிப்பேன். விரலை உயர்த்தி “அவுட்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். “நிச்சயமா?” என்று நான் புருவத்தைத் தூக்குவேன். மறுபடியும் “அவுட் மிஸ்” என்று சொன்னால்தான் அடுத்த பந்து. டீச்சரிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத பிள்ளைக்கு இது லேசில் வராது. பெண்பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இரண்டாவது சர்வீஸும் 25 விநாடியும்

சர்வீஸுக்கு இரண்டு வாய்ப்பு. பிள்ளைகள் முதலாவதை ஓங்கி அடித்துவிட்டு, இரண்டாவதிலும் ஓங்கியே அடித்து, இரண்டும் தவறி பாயிண்டை இழப்பார்கள் (இதுதான் டபுள் ஃபால்ட்); அல்லது கை நடுங்கிக் கயிற்றில் போடுவார்கள். நான் தலைகீழாகத் தொடங்குகிறேன்: இரண்டாவது சர்வீஸைத்தான் முதலில் பழக்குவது. வேகம் வேண்டாம், கட்டத்துக்குள் விழுந்தால் போதும். அது கைவந்த பிறகு முதல் சர்வீஸில் என்ன வீரமும் காட்டலாம், பின்னால் ஒன்று காப்பாற்ற இருக்கிறதே. கீழிருந்து தட்டிப் போடும் சர்வீஸும் விதிப்படி செல்லும். “பாப்பா சர்வீஸ்” என்று கேலி செய்தால், 1989 பிரெஞ்ச் ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங் தசைப்பிடிப்போடு ஆடிக்கொண்டே அப்போதைய உலக நம்பர் ஒன் இவான் லெண்டிலுக்கு அப்படித்தான் ஒன்று போட்டார் என்று சொல்லுங்கள். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார், கோப்பையையும் ஜெயித்தார்.

ஒரு பாயிண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே விதிப்படி 25 விநாடி உண்டு. பெரிய ஆட்டக்காரர்கள் அந்த நேரத்தில் ராக்கெட் நரம்புகளைத் தடவிக்கொண்டும் பந்தைத் தட்டிக்கொண்டும் நிற்பதைப் பிள்ளைகள் டி.வி.யில் பார்த்து ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். அதையே பழக்கமாக ஆக்கிக்கொடுங்கள்: கயிற்றுக்கு முதுகைக் காட்டு, பின்கோடு வரை நட, ஒரு மூச்சு விடு, பந்தை மூன்று தடவை தட்டு, எங்கே போடப்போகிறாய் என்று முடிவெடு, திரும்பு. போன பாயிண்டைப் பற்றிய பேச்சு பின்கோட்டோடு சரி. ராக்கெட்டை வீசினால்? போட்டிகளில் பொதுவாக முதலில் எச்சரிக்கை, அடுத்து ஒரு பாயிண்ட், அப்புறம் ஒரு கேம் போகும். எங்களிடம் ராக்கெட் என் கைக்கு வந்துவிடும். அந்த கேம் முடியும்வரை பக்கத்துக் கோர்ட்டுக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

தோற்பதற்கும் பயிற்சி

32 பேர் ஆடும் நாக்-அவுட் போட்டியில் முதல் சுற்றிலேயே 16 பேர் வீட்டுக்குப் போவார்கள். கடைசியில் 31 பேர் தோற்றிருப்பார்கள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ரோஜர் ஃபெடரர் தான் ஆடிய ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை ஜெயித்தவர். ஆனால் பாயிண்டுகளில் அவர் ஜெயித்தது 54 சதவீதம்தான். ஏறக்குறைய ஒன்று விட்டு ஒன்று தோற்றவர் அவர்.

சின்னப் பிள்ளைகளுக்கு நாக்-அவுட் வைக்காதீர்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடுகிற மாதிரி ஏழு பாயிண்ட் டை-பிரேக் (ஏழு பாயிண்டில் முடிகிற குட்டி ஆட்டம்) வைத்தால், ஒரே சாயங்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கொஞ்சம் ஜெயிக்கும், கொஞ்சம் தோற்கும். முடிவை என்னிடம் வந்து சொல்ல வேண்டியது தோற்றவர். கைகுலுக்கிவிட்டு வந்து, “ஏழுக்கு நாலு தோத்துட்டேன் மிஸ்.” காரணம் சொல்லக் கூடாது. காத்து, வெயில், பந்து எல்லாம் இரண்டு பேருக்கும் பொது.

“என் பிள்ளை வீக்கு மிஸ், அடிக்கடி காய்ச்சல்” என்று தயங்குகிறவர்களுக்கு நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்வேன். விஜய் அமிர்தராஜ் சிறுவயதில் நுரையீரல் கோளாறால் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தவர். 1973-இலும் 1981-இலும் விம்பிள்டன் காலிறுதி வரை போனார். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு, இன்ஹேலரைப் பையில் வைத்து அனுப்புங்கள். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து கேஸ் வாடை வீசுகிற நாளில் எந்தப் பிள்ளையும் ஓட வேண்டாம். உள்ளே உட்காரவைத்து ஸ்கோர் எண்ணும் பயிற்சி கொடுக்கலாம்.

பெற்றோர் எங்கே நிற்பது

துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற அப்பா ஒருவர். வண்டியை விட்டதும் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார், பாசமான மனுஷன். வேலியைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடி வா! பின்னாடி போ! கைய மடக்காத!” என்று கத்திக்கொண்டே இருப்பார். போகச் சொன்னால் மனசு கஷ்டப்படும். கைநிறையச் சின்னக் கல்லைக் கொடுத்து, “உங்க பொண்ணு பாயிண்ட் முடிஞ்சதும் உங்களைத் திரும்பிப் பாக்கிறப்பெல்லாம் ஒரு கல்லை இந்தப் பாக்கெட்லேருந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாத்துங்கண்ணே” என்றேன். முதல் செட் முடியும் முன்னே கல் தீர்ந்துபோனது. மறுநாளிலிருந்து எதிரே டீக்கடையில் நிற்கிறார். அங்கிருந்தும் பார்ப்பார், ஆனால் சத்தம் வராது.

2025 முதல் போட்டி நடத்துபவர்கள் அனுமதித்தால் வெளியிலிருந்து பயிற்சியாளர் ஆலோசனை சொல்லலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. அது அவர்களுக்கு இருக்கட்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக யோசிக்க விடுங்கள். வீட்டுக்குப் போகும்போது “ஜெயிச்சியா?” என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். “எந்த பாயிண்ட்ல மாட்டிக்கிட்ட, எப்படி வெளிய வந்த?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள், பசியாக இருக்கும்.

போட்டிக்குப் போகும்போது

அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் சிறுவர் போட்டிகளுக்குப் பதிவு எண் வேண்டும். 12 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து ஆடலாம். அவசரமில்லை. முதலில் பள்ளிகளுக்குள் நாலு போட்டி ஆடட்டும். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தை ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. 1997 முதல் 2017 வரை உலக ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் வந்து ஆடின இடம். நம் ஊரில்தான் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

போட்டி நாளில் பையைப் பிள்ளையே அடுக்கட்டும்: தண்ணீர், துண்டு, தொப்பி, இன்னொரு ஜோடி சாக்ஸ். எதையாவது மறந்தால் மறந்ததுதான், பின்னாலேயே ஓடாதீர்கள் (தண்ணீரை மட்டும் நீங்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்). போய் இறங்கியதும் ரெஃப்ரி மேஜைக்குப் பிள்ளைதான் போக வேண்டும். பெயரைச் சொல்லி, எந்தக் கோர்ட், எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டு வந்து உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லியோ தயிர்சாதமோ முடித்துவிடுங்கள். பிரியாணி ஆட்டம் முடிந்த பிறகு, ஜெயித்தாலும் தோற்றாலும்.